கிழட்டுக் குடலும் தோட்டத்து எல்லையும்

ஒப்பரேஷன் தியேட்டருக்குள் மண் கொண்டுபோகக் கூடாது என்று உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். சரியாகத்தான் படிப்பித்திருக்கிறார்கள். நான் கொண்டுபோயிருக்கிறேன். ஒளித்து மறைத்து இல்லை. சர்ஜனும் மயக்க மருந்து டொக்டரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

புதிதாகத் தியேட்டருக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் மிஸ் என்று கேட்டார்கள். கத்தரிக்கோலை எப்படி நீட்டுவது, கருவிகளை எப்படி அடுக்குவது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. பகல் முழுக்க உங்கள் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்தப் போனும் இருக்கிறது. நான் சொல்லப்போவது ஒரு வயதான பெருங்குடலைப் பற்றி. அதைப் பற்றிப் புத்தகத்தில் இருப்பதையும் கொஞ்சம் சொல்லுவேன், இல்லாததையும் சொல்லுவேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலம் முன்னால் நடந்தது. பதுளையில் நாங்கள் வேலை செய்த ஆஸ்பத்திரியில் தமிழ் பேசுகிற ஆட்கள் குறைவு. தியேட்டருக்குப் பொறுப்பு நர்ஸாக இருந்த என்னை, வார்டில் யாராவது தோட்டத்து நோயாளி 'மாட்டேன்' என்று சொன்னால் உடனே கூப்பிடுவார்கள். நானோ பதுளை டவுனில் கடை வைத்திருந்தவரின் மகள். தோட்டத்து வழக்கம் எனக்கு அரையும் குறையுமாகத்தான் தெரியும். அது யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. தமிழச்சிதானே, பேசட்டும்!

அன்றைக்குக் காலையில் கறுப்பையாவை அவருடைய மகள் செல்வராணி ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தாள். கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டம். அவர் தேயிலை ஃபெக்டரியில் இயந்திரங்களுக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தவர், எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். அவளுக்கு அப்பாவை விட்டால் வேறு யாரும் இல்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளுக்கு யாரோ போய்ச் சொல்ல, மலையிலிருந்து லயத்து வீட்டுக்கு ஓடி, அப்படியே அவரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கொழுந்து பறிக்க இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. அவர் வயிறு தவில் மாதிரி விறைத்து நின்றது. ஆள் பாதி மயக்கம்.

எக்ஸ்ரேயைப் பார்த்ததும் சர்ஜன் சொல்லிவிட்டார், குடல் முறுக்கிக்கொண்டது என்று. பெருங்குடலின் கடைசிப் பகுதி இடப்பக்க அடிவயிற்றில் வளைந்து இறங்குகிறது, சிக்மொயிட் என்று படித்திருப்பீர்கள். சிலருக்கு அந்த வளைவு பிறவியிலேயே நீளம். வயது போனால் குடலுக்கு என்ன நடக்கும் என்று கேட்டால் நீங்கள் 'தேயும்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். அவ்வளவு சுலபம் இல்லை பிள்ளைகளே. சுவருக்கு உரம் கொடுக்கிற நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து விறைத்துப்போகும். தசை ஓர் இடத்தில் தடிக்கும், இன்னோர் இடத்தில் மெலியும். இரத்தக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிற இடங்கள் பலவீனப்பட்டு, உள்படலம் சின்னச் சின்னப் பைகளாகப் பிதுங்கும். தசைக்கு நடுவே உட்கார்ந்து 'தள்ளு, தள்ளு' என்று சொல்லிக்கொண்டிருக்கிற நரம்பணுக்களும் குறையும். சொல்ல ஆள் குறைந்தால் வேலை எப்படி நடக்கும்? மலமும் காற்றும் தேங்கும். ஏற்கெனவே நீளமான வளைவு இன்னும் இழுபட்டுத் தொங்கும். தொங்குகிறது ஒரு நாள் தன்னையே சுற்றிக்கொள்ளும்.

சர்ஜன் பின்பக்கமாக ஒரு குழாயை ஏற்றினார். அவருடைய கை அன்றைக்கு எவ்வளவு மெதுவாகப் போனது என்பதை நான் இன்னும் மறக்கவில்லை. இளம் குடல் கொஞ்சம் இடி தாங்கும், கிழட்டுக் குடல் தாங்காது, ஓட்டை விழுந்துவிடும். குழாய் முறுக்கைத் தாண்டிய அந்த நொடியில் வந்த சத்தத்தையும் மணத்தையும் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுந்து நடக்க முடியாது என்று படுத்திருந்த இரண்டு பேர் வாசல் வரைக்கும் நடந்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

குழாயை அப்படியே உள்ளே விட்டுவைத்தார்கள், வயிறு வடிந்தது. கறுப்பையா கண்ணைத் திறந்தார்.

"இது எந்த எடம்?"

"பதுளை ஆஸ்பத்திரிப்பா" என்றாள் செல்வராணி.

"பதுளையா?" அவர் தன் வலக்கை மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். அதில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. "அடிப்பாவி, கெடுத்துப்புட்டியே! காப்புக் கட்டுன கையோட எல்ல தாண்ட வச்சிட்டியே!"

தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா தொடங்கியிருந்தது. கரகம் தூக்குகிறவர் கறுப்பையாதான். காப்புக் கட்டினால் திருவிழா முடிந்து கயிற்றை அவிழ்க்கிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அவர்கள் எல்லை, தார் ரோட்டுக்குப் போகிற வழியில் இருக்கிற ஒரு சின்னப் பாலம். அதை அவர் ஆட்டோவில், அதுவும் நினைவில்லாமல் தாண்டியிருக்கிறார்.

"நான் போறேன் மிஸ்" என்று காலைத் தொங்கப் போட்டார். "வயிறு வடிஞ்சிருச்சு. நல்லா இருக்கு."

நான் அவர் காலைப் பிடித்துத் திரும்பவும் கட்டிலில் தூக்கி வைத்தேன். குழாய் போட்டு வடித்தது தற்காலிக ஏற்பாடு. குடல் நீளமாகவே இருக்கிறது, திரும்பவும் முறுக்கும். அடுத்த தடவை தோட்டத்திலிருந்து பதுளைக்கு வந்து சேருவதற்குள் இரத்த ஓட்டம் நின்று குடல் கறுத்துவிட்டால் ஆள் தப்ப மாட்டார். நீளமானதை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்க்க வேண்டும் என்று சர்ஜன் சொன்னதை நான் அவருக்கு விளக்கினேன். அவர் அக்கறையாகக் கேட்டார்.

"அப்ப பெல்ட்டு மாதிரிதான். தொங்கிப்போனா நாங்களும் வெட்டித்தான் ஒட்டுவோம். ஆனா பழைய பெல்ட்டுல ஒட்டுன எடம் கிழியும் மிஸ். டொக்டருக்கு அது தெரியுமா?"

டொக்டருக்குத் தெரியும். எங்கள் சர்ஜன் சிங்களவர். தமிழ் விளங்கும். சாதாரணமாகப் பேச வராது, கோபம் வந்தால் மட்டும் கடகடவென்று வரும். "தெரியும், தெரியும்! அதுதான் எனக்கும் பயம்!" என்று கத்திவிட்டுப் போனார். கறுப்பையாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. ஆனாலும் எல்லைக்கு வெளியே கத்தி வைக்க விடமாட்டேன் என்பதில் பிடித்த பிடியாக நின்றார்.

பின்னேரம் கோயில் கமிட்டித் தலைவர் பெருமாள் நாலைந்து பேரோடு லொறியில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கறுப்பையாவைப் 'பெரியப்பா' என்றுதான் கூப்பிடுவார். கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார்.

"கரகம் யாரு தூக்குறது? ஒரு தோட்டமே காத்துக்கிட்டு இருக்கு மிஸ்."

"தூக்குறதுக்கு ஆளு உசுரோட இருக்கணுமா வேணாமா?" என்று செல்வராணி அவர் முன்னால் வந்து நின்றாள். "எங்கப்பாவக் கூட்டிக்கிட்டுப் போயி ஏதாவது ஆச்சுன்னா, ஒங்களத்தான் கேப்பேன் தலைவரே. கோயில் வாசல்ல வச்சே கேப்பேன்!"

தலைவர் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். அப்புறம் ஒரு வெளிச்சம் வந்தது அந்த முகத்தில். எனக்கு அப்போதே பயமாகத்தான் இருந்தது.

"பெரியப்பா எல்லைக்குள்ள வர முடியாட்டி என்ன? எல்லைய பெரியப்பாகிட்டக் கொண்டாந்துருவோம்!"

மறுநாள் காலையில் இரண்டு மூட்டை மண் வந்தது. காவலாளி தடுக்க, இவர்கள் அரோகரா போட, நான் போய்ச் சமாதானம் பேசி, ஒரு மூட்டை மட்டும் வார்டுக்கு வந்தது. கறுப்பையாவின் கட்டிலுக்குக் கீழே சாக்கை விரித்து மண்ணைப் பரப்பினார்கள். நாலு மூலைக்கும் வேப்பிலை. தலைவர் மஞ்சள் தண்ணீர் தெளித்து, இந்தக் கட்டில் இனிமேல் தோட்டம் என்று அறிவித்தார். கறுப்பையா நிம்மதியாகச் சாய்ந்து படுத்தார். அவ்வளவுதான், தொல்லை விட்டது என்று நானும் நினைத்தேன். நினைப்புத்தான்!

பகல் சாப்பாட்டு வண்டி வந்தது. அன்றைக்கு மீன் கறி. திருவிழா முடிகிற வரைக்கும் எல்லைக்குள் மச்சம் வரக் கூடாதாம். வண்டி அந்தக் கட்டிலைத் தாண்டித்தான் மற்றவர்களுக்குப் போக வேண்டும். தலைவர் குறுக்கே நின்றார். பின்னால் பசியோடு பதினைந்து பேர். கடைசியில் வண்டியை வெளியே கொண்டுபோய், கட்டடத்தைச் சுற்றி, பின்வாசலால் உள்ளே கொண்டுவந்தார்கள். வார்டு ஒரு மாதிரியாகச் சாப்பிட்டு முடித்தது.

அடுத்தது ராமையா. பக்கத்துக் கட்டில்காரர், ஹல்துமுல்லைத் தோட்டத்து ஆள். எல்லையை ஒட்டிய கட்டில் என்று அன்றைக்கு மீனைத் தொடாமல் விட்டவர். ஹெர்னியா ஒப்பரேஷன் முடிந்து, வீட்டுக்குப் போகலாம் என்று டிக்கட் வெட்டியாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர் சிந்திக் கிடந்த மண்ணில் காலை வைத்துவிட்டார்.

"உள்ள வந்துட்டீங்களே" என்றார் தலைவர் கவலையோடு. "இனி காப்பு அவுக்குற வரைக்கும் வெளிய போகக் கூடாதுங்களே."

ராமையா பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும் கட்டிலில் ஏறிப் படுத்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! "சாமி விஷயம் மிஸ். நாம என்ன பண்ண முடியும்?" வீட்டில் மனைவியின் வாய் கொஞ்சம் நீளம் என்று பிறகு தெரிந்தது.

சர்ஜன் பார்வையிட வந்தார். சப்பாத்துக் காலோடு நேராக மண்ணில் ஏறி நின்று கறுப்பையாவின் வயிற்றைத் தட்டினார். தலைவர் தயங்கித் தயங்கி, டொக்டரும் இப்போது எல்லைக்குள்தான், அதனால் கொழும்புக்கு லீவில் போக இருக்கிறதாகக் கேள்விப்பட்டது நடக்காது என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சர்ஜனுக்குத் தமிழ் கடகடவென்று வந்தது. அதை இங்கே எழுத முடியாது.

ஆனால் ஒன்று நடந்தது. கறுப்பையா ஒப்பரேஷனுக்குச் சம்மதித்தார். தியேட்டருக்கும் மண் கூட வர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். கருவிகளை ஆவியில் அவித்துக் கிருமி போக்குகிற ஓட்டோகிளேவ் நம்மிடம் இருக்கிறதே. இரண்டு மடிப்புத் துணியில் கட்டி அவித்து, மூட்டையைப் பிரிக்காமல், காயத்துக்கு எட்டாத தூரத்தில் மேசைக்குக் கீழே வைத்தால் என்ன? சர்ஜனிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிரிக்கக் கூடாது. என் கண்ணில் படக் கூடாது" என்றார் சிங்களத்தில். அது சம்மதம்.

ஒரு பிடி மண்ணை அள்ளிக் கறுப்பையாவுக்கு முன்னாலேயே துணியில் வைத்தேன், பார்த்து மனம் ஆறட்டும் என்று. அவர் எட்டிப் பார்த்தார். விரலை விட்டுக் கிளறினார். கறுப்பாக ஒரு கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பெருமாளு, இது என்னாது?"

"கல்லு பெரியப்பா."

"இது தாரு! நம்ம தோட்டத்துல எங்கடா தார் ரோடு இருக்கு? கேட்டுக் கேட்டு வாய் ஓஞ்சுபோனோம், எவன் போட்டுக் குடுத்தான்?"

மண் அள்ளப் போன இரண்டு பேரும் தலையைக் குனிந்தார்கள். மழையில் தோட்டத்துப் பாதை சேறாம், லொறி ஏறவில்லையாம். பாலத்துக்கு இந்தப் பக்கமே, ரோட்டோரத்தில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்களாம்! அதாவது கட்டிலுக்குக் கீழே பரப்பியிருந்தது எல்லைக்கு வெளியே உள்ள மண். பக்கத்துக் கட்டிலிலிருந்து ராமையாவின் குரல் வந்தது. "அப்ப அந்த மீனத் தின்னுருக்கலாம்."

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் கறுப்பையா கோபத்தில் எழுந்து உட்கார்ந்தபோது குழாய் நழுவி வெளியே வந்துவிட்டது. நாங்கள் மண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வயிறு மறுபடியும் விறைக்கத் தொடங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சுருண்டார். சர்ஜன் ஓடிவந்து கை வைத்துப் பார்த்தார், முகம் மாறியது.

"இனிக் குழாய் இல்லை. இப்பவே தியேட்டர்" என்று கத்தினார்.

"மாட்டேன்" என்றார் கறுப்பையா பல்லைக் கடித்துக்கொண்டு. "சாமி குத்தத்தோட கத்தி வைக்காதீங்க. செத்தா எல்லைக்குள்ள சாவுறேன்."

தலைவர் நல்ல மண்ணுக்கு ஆளை அனுப்புகிறேன் என்றார். கொஸ்லந்தவுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் கதை முடிந்துவிடும். பலவந்தமாகத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று வார்டு டொக்டர் என்னிடம் கேட்டார். நினைவோடு இருக்கிற மனிதர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பிள்ளைகளே. அவர் சொல்கிற காரணம் உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தாலும் அப்படித்தான்.

செல்வராணி அழவில்லை. குனிந்து தன் காலிலிருந்த ரப்பர் செருப்பைக் கழற்றினாள். திருப்பிப் பிடித்தாள். அடியில் வரி வரியாகச் சேறு காய்ந்து அப்பிக் கிடந்தது.

"இது நம்ம லயத்து வாசல் மண்ணுப்பா. ஒங்களத் தூக்கிக்கிட்டு வந்தப்ப மிதிச்சது. இது போதுமா ஒங்க சாமிக்கு?"

"செருப்பு மண்ணா?" தலைவர் பதறினார். "சாமி காரியத்துக்கா? அபச்சாரம்!"

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள், அவர் என்ன தீர்ப்புச் சொல்லப்போகிறாரோ என்று. நான் மட்டும் அவர் பக்கம் திரும்பவில்லை. கத்தி படப்போவது தலைவர் வயிற்றில் இல்லையே! கறுப்பையாவிடம் குனிந்தேன். "நீங்க சொல்லுங்க ஐயா. இது செல்லுமா, செல்லாதா?"

அவர் செருப்பைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. வலியா வேறு என்னவா தெரியாது.

"வாசல்ல கோழி பேண்டிருக்கு" என்றார். "நம்ம வாசல்தான். போவோம்."

அவரைத் தியேட்டருக்குத் தயார்ப்படுத்துகிற நேரத்துக்குள், நாக்கை அமுக்கிப் பார்க்கிற மரக் குச்சியால் அந்தச் சேற்றைச் சுரண்டி, மடித்துக் கட்டி, ஓட்டோகிளேவில் போட்டேன். என் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ அவித்திருக்கிறேன். கோழி எச்சத்தை அவித்தது அன்றைக்கு மட்டும்தான். சின்னப் பொட்டலமாகச் சூடாக வெளியே வந்தது. முதலில் சொன்னேனே, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனேன் என்று. அந்தப் பொட்டலம்தான். கண்ணில் படக் கூடாது என்று சொன்ன சர்ஜனும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

மயக்க மருந்து ஏறுவதற்கு முன்னால் கறுப்பையா சர்ஜனின் கையைப் பிடித்துக்கொண்டு, "வயித்துல பை மட்டும் வச்சிராதீங்க டொக்டர். பை வச்சுக்கிட்டுக் கரகம் தூக்க ஏலாது" என்றார். முனைகளைச் சேர்க்க முடியாமல் போனால் குடலை வயிற்றுக்கு வெளியே எடுத்துப் பை கட்ட வேண்டிவரும் என்று அவருக்கு முன்னமே சொல்லியிருந்தோம். சர்ஜன் கையை விடுவித்துக்கொண்டு கை கழுவப் போனார்.

வயிற்றைத் திறந்தபோது அந்த வளைவு லொறி டியூப் மாதிரி எழும்பி வந்தது. நீலம் பாரித்திருந்தது. முறுக்கை மெல்ல அவிழ்த்து, சூடான துணியால் மூடிவிட்டுக் காத்திருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. சர்ஜன் நீளமான பகுதியை வெட்டி எடுத்து, ஓர் ஓரத்தில் முதல் தையலைப் போட்டார். நூல் ஈரக் கடதாசியில் இழுத்த மாதிரி அறுத்துக்கொண்டு வந்தது. சுவர் அவ்வளவு மெலிந்திருந்தது. சர்ஜன் கையை நிறுத்திவிட்டார்.

"பழைய பெல்ட்" என்றார் தமிழில். கோபம் இல்லாமல் அவர் தமிழ் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போய் வெட்டினார். ஓரத்தைப் பார்த்தார். போதவில்லை, இன்னும் கொஞ்சம். அங்கே சுவர் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. வெட்டின ஓரத்தில் இரத்தம் பளிச்சென்று சிவப்பாகக் கசிந்தது. "இங்கேயும் இரத்தம் வரவில்லை என்றால் பைதான் கட்டியிருப்பேன். கரகம் தூக்குவது என் வேலை இல்லை" என்றார். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளி கெஞ்சினார் என்பதற்காக அவர் தைக்கவில்லை. ஓரம் சிவந்தது, அதனால் தைத்தார். மண்ணுக்கு இடம் கொடுக்கலாம், தையலுக்கு அப்படி இடம் கொடுக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் உண்மையான பாடு. ஒப்பரேஷனுக்குப் பிறகு குடல் தூங்கிவிடும் என்று தெரியும் உங்களுக்கு. இளம் குடல் சீக்கிரம் விழித்துக்கொள்ளும். கிழட்டுக் குடலில்தான் எழுப்புகிற நரம்பணுக்கள் குறைவாயிற்றே, அது பாட்டுக்குக் கிடக்கும். தூங்குகிறதா, இல்லை தைத்த இடம் பிரிந்து உள்ளே கெடுகிறதா என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. காற்றுப் பிரிந்தால் குடல் விழித்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே அந்த வார்டு முழுக்க ஒரே கேள்விதான்.

"போச்சா?"

காலையில் கூட்டிப் பெருக்க வருகிற பெண் கேட்பாள், போச்சா என்று. சாப்பாட்டு வண்டிக்காரன் கேட்பான். மகன் வந்து கூட்டிக்கொண்டு போவான் என்று சொல்லி இன்னும் படுத்திருந்த ராமையா கண் விழித்ததும் கேட்பார். தலைவர் தோட்டத்திலிருந்து போன் எடுத்து, அம்மன் புறப்பாடு பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, "போச்சா மிஸ்?" என்பார். தமிழ் தெரியாத சிங்கள நர்சுகளுக்கும் அந்த ஒரு சொல் பாடமாகிவிட்டது. கறுப்பையா மானம் போகிறது என்று போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். செல்வராணி மட்டும் கேட்க மாட்டாள். கட்டிலோரத்தில் ஸ்டூலைப் போட்டு, அவர் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சோறு கொண்டுபோய்க் கொடுத்தால் அப்படியே ஆறிக் கிடக்கும்.

சர்ஜன் கொழும்புக்குப் போகவில்லை. சாமிக்காக இல்லை, தையலுக்காகத்தான் இருக்கிறேன் என்று தலைவரிடம் போனில் சொல்லச் சொன்னார். "எதுக்கா இருந்தா என்ன, இருக்காருல்ல" என்றார் தலைவர்.

திருவிழாவின் கடைசி நாள். காலையில் வயிறு திரும்பவும் உப்பலாக இருந்தது. சர்ஜன் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். வராந்தாவுக்கு என்னைக் கூப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மறுபடி திறந்து பார்க்க வேண்டும், இந்த வயதில் இரண்டாம் தடவை மேசையிலிருந்து எழும்புவாரா என்று தனக்குத் தெரியாது என்றார். திரும்பிப் பார்த்தால் செல்வராணி கதவடியில் நிற்கிறாள். அவளுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும்.

"மறைக்காதீங்க மிஸ்" என்றாள். "எனக்கு வேற யாரு இருக்கா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவளோடு சேர்ந்து நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

பின்னேரம் தலைவர் வீடியோவில் வந்தார். கரகம் எடுக்கிற நேரம். வேறு யாரும் துணியாததால் அவரே தூக்க வேண்டியதாகிவிட்டது. போனை யாரோ பிடித்திருக்க, பூச்சுற்றிய கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பெரிய மனுஷன் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டு நின்றார். பின்னால் தப்பு அடி கேட்டது. செல்வராணி போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பெரியப்பா, கழுத்து போவுது பெரியப்பா!"

"கழுத்த ஏன்டா வெறப்பா வச்சிருக்க? முழங்கால மடக்கு. மூச்ச விடு" என்றார் கறுப்பையா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஆனாலும் அதில் அதிகாரம் இருந்தது. "கரகத்த நெனைக்காத, அம்மன நெனை. மெதுவா அடி எடுத்து வையி. அடேய் மூச்ச விடுடா!"

தலைவர் மூச்சை விட்டு, முதல் அடியை எடுத்து வைத்தார். தப்பு வேகம் பிடித்தது. அங்கே பெண்கள் குலவை போட்டார்கள். கறுப்பையா தானும் தலையைத் தூக்கி, அந்தத் தாளத்துக்குத் தோளை லேசாக அசைத்தார்.

அப்போது போர்வைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்னது. சந்தேகமாக ஒரு சத்தம்.

சாப்பாட்டு வண்டிக்காரன் கரண்டியைத் தூக்கிய கையோடு நின்றான். ராமையா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"பெரியப்பா," என்றார் தலைவர் போனுக்குள்ளிருந்து, "என்னா சத்தம் அது?"

செய்தி எப்படிப் போனதோ தெரியாது, சர்ஜன் படியேறி ஓடிவந்து வாசலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கறுப்பையா வெட்கத்தில் போர்வையை முகத்துக்கு இழுத்தார். செல்வராணி அதைப் பிடித்து இறக்கினாள். போன் அவள் கையிலிருந்து கட்டிலில் விழுந்தது. அவருடைய கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா" என்றாள். "இன்னொருக்கா விடுங்கப்பா."